ழகரத்துக்கு மூணு எல்

சேலத்தில் 1916-லேயே ஒரு தர நிர்ணயக் கமிட்டி இருந்தது என்று சொன்னால் அங்கே எங்கள் அம்மாபேட்டையில் 'எந்தக் கோயில் கமிட்டி?' என்றுதான் கேட்பார்கள். கோயில் இல்லை. அப்போது சேலத்தில் வக்கீலாக இருந்த ராஜாஜியும், வெங்கடசுப்பையர் என்பவரும் சேர்ந்து சாஸ்திரச் சொற்களுக்குத் தமிழ் கண்டுபிடிக்க ஆரம்பித்த சங்கம் அது. ரசாயனம், பௌதிகம், கணிதம், வான சாஸ்திரம் எல்லாவற்றுக்கும் ஒரு பொருளுக்கு ஒரு சொல் என்று நிறுத்திவிட வேண்டும். பிராணவாயுவுக்கு ஆளுக்கொரு பேர் வைத்துக்கொண்டால் யார் எதை மூச்சு விடுவது? உயர்ந்த நோக்கம். சங்கத்துக்குப் பத்திரிகையும் வந்தது. அது இங்கிலீஷில் வந்தது. புதுச்சேரியில் உட்கார்ந்திருந்த பாரதியார் காதுக்கே அந்தச் செய்தி போய், அவரும் அதைப் பற்றி எழுதினார்.

சிரிக்காதீர்கள். அதன் பிறகு வந்த நூறு வருஷத்துக் கதைக்கும் விதை அங்கேயே கிடக்கிறது: நல்ல மனிதர்கள், நல்ல நோக்கம், நோட்டு மட்டும் வேறு பாஷையில்.

நோட்டு என்றதும் என் பெரியப்பா ஞாபகத்துக்கு வருகிறார். அம்மாபேட்டையில் குழித்தறியில் உட்கார்ந்து பட்டு வேட்டி நெய்தவர். தெரு மாரியம்மன் பண்டிகைக் கமிட்டியில் தலைவர், உபதலைவர், கௌரவத் தலைவர், மைக்கைக் கொடுத்தால் திருப்பித் தராதவர்கள் என்று இருபது பேர் உண்டு. பெரியப்பாவுக்குப் பதவி எதுவும் கிடையாது. நோட்டு எழுதுவார், அவ்வளவுதான். கூட்டம் ராத்திரி பதினொரு மணிக்குச் சட்டைக் காலரில் முடியும். மறுநாள் நோட்டில் என்ன இருக்கிறதோ அதுதான் நேற்று நடந்தது. 'கரகாட்டம்னுதானே பேசினோம்?' என்று யாராவது எகிறினால், பெரியப்பா கண்ணாடியை மாட்டி, பக்கத்தைப் புரட்டி, 'பொம்மலாட்டம்னு இருக்குதுங்களே' என்பார். கீழே எகிறியவரின் கையெழுத்தே இருக்கும். இவரை ஜெனீவாவுக்கோ கலிஃபோர்னியாவுக்கோ அனுப்பியிருந்தால் இன்றைக்குத் தமிழ் எழுத்தின் தலையெழுத்து வேறாக இருந்திருக்கும். அனுப்பவில்லை. பாஸ்போர்ட்டே கிடையாது.

இதற்கு நேர்மாறான வழியைக் காட்டியவர் பக்கத்து ஈரோட்டுக்காரர். பெரியார் கமிட்டியே போடவில்லை. 1935-ல் தம்முடைய குடிஅரசில் ணை, லை, ளை, னை இவற்றுக்கு அதுவரை இருந்த தும்பிக்கையை ஒட்ட வெட்டினார். ணா, றா, னாவுக்குள் சுருண்டு கிடந்த சுழியை நிமிர்த்திக் கால் போட்டார். பத்திரிகை அவருடையது, ஈய எழுத்து அவருடையது, கோத்தவர் அவருடைய ஆள். யாரிடமும் ஓட்டுக் கேட்கவில்லை. பண்டிதர்கள் திட்டினார்கள். திட்டுவதைத்தான் அவர் காலைப் பலகாரமாகச் சாப்பிடுகிறவராயிற்றே. விடாமல் அச்சடித்துக்கொண்டே இருந்தார். 1978-ல், அவர் போய் ஐந்து வருஷம் ஆனபின், எம்.ஜி.ஆர். அரசாங்கம் பதின்மூன்று எழுத்துகளுக்கு ஆணை போட்டது. நாற்பத்துமூன்று வருஷம். தர நிர்ணயத்தில் இதற்குப் பேர் 'முதலில் ஓட்டிக் காட்டு, பிறகு பேசு'. நல்லவேளை அப்போதே முடிந்தது. இன்னும் பதினைந்து வருஷம் தள்ளிப் போயிருந்தால் அந்தத் தும்பிக்கைக்கும் ஒரு மனு, ஒரு மாநாடு, ஒரு போஸ்டர் என்று ஆகியிருக்கும்.

இனி வருவது கம்ப்யூட்டர். அதற்கு முன் ஒரு வார்த்தை விளக்க வேண்டும். தறிக்காரனுக்கு அச்சு என்றால் பிரிண்டிங் இல்லை. பாவு நூல் ஒவ்வொன்றும் நுழைந்து வரும் பெரிய சீப்பு மாதிரியான சாமான் அது. எத்தனை பல் உள்ள அச்சோ அதற்குத் தகுந்த துணிதான் வரும். பாவை ஏற்றி, விழுதில் நூல் கோத்து, அச்சில் நுழைத்து, நாலு முழம் நெய்த பிறகு 'பல்லை மாத்தலாமா?' என்று கேட்டால் பெரியப்பா பதில் சொல்ல மாட்டார். நாடாவைக் கீழே வைத்துவிட்டு வெற்றிலைப் பெட்டியை எடுப்பார்.

1988-ல் டெல்லியில் மின்னணுத் துறை இந்திய மொழிகள் எல்லாவற்றுக்கும் ஒரே அச்சு கட்டியது. அதன் பேர் இஸ்கி. 1991-ல் இந்தியத் தர நிர்ணய அமைவனம் அதற்கு ஐஎஸ் 13194 என்று முத்திரை வைத்தது. ஒரே அச்சு என்பதில் ஒரு சாமர்த்தியம் இருந்தது. ஒரு மொழியில் அடித்ததைப் பொத்தானைத் தட்டி இன்னொரு மொழி எழுத்தில் பார்க்கலாம். ஆனால் அச்சைக் கட்டியது தேவநாகரி அளவுக்கு. அங்கே ககரத்துக்கு நாலு பல்: வெறும் க, மூச்சு விடும் க, அடங்கிய க, அடங்கி மூச்சு விடும் க. நமக்கு ஒரே க. இடத்துக்குத் தகுந்தபடி அதுவே நாலு வேலையும் பார்த்துக்கொள்ளும், ஒண்டிக் குடித்தன வீட்டு மருமகள் மாதிரி. அதனால் தமிழ் நெய்யும்போது க-வுக்கு அடுத்த மூன்று பல்லும் வெறும் பல். ட-வுக்கு, த-வுக்கு, ப-வுக்கு எல்லாம் அதே கதை. துணியைத் தூக்கிப் பிடித்தால் வெளிச்சம் தெரியும்.

அதே 1988-ல் கலிஃபோர்னியாவில் ஜெராக்ஸ் கம்பெனியின் ஜோ பெக்கர் என்பவர், உலகத்து எழுத்துக்கெல்லாம் ஒரே பட்டியல் போடலாம் என்று ஒரு வரைவு எழுதினார். யூனிகோடு. 1991 ஜனவரியில் கூட்டமைப்பாகப் பதிவு செய்தார்கள். அக்டோபரில் முதல் பதிப்பு. இந்திய மொழிகளுக்கு என்ன செய்வது? இந்திய அரசாங்கமே 1988-ல் ஒரு அச்சு கட்டி வைத்திருக்கிறதே, அதையே எடுத்துக்கொண்டார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. சர்க்கார் தாளை வைத்துக்கொண்டு எதிரே நிற்கும்போது, அம்மாபேட்டை வரை வந்து 'உங்களுக்கு எத்தனை க வேணும்?' என்றா விசாரிப்பார்கள்?

தமிழுக்கு ஒதுக்கிய கட்டம் 128. அதில் அன்றைக்கு நிரம்பியது 61. மற்றதெல்லாம் பஸ்ஸில் துண்டு போட்ட சீட்டு: துண்டு போட்டவனும் வரவில்லை, நம்மையும் உட்கார விடவில்லை. வரிசையும் நம் வரிசை இல்லை. ய ர ல வ ழ ள ற ன என்று மூன்றாம் வகுப்பில் தலையில் குட்டி ஏற்றிய ஒழுங்கு போய், ரவுக்குப் பக்கத்தில் ற, லவுக்குப் பக்கத்தில் ள, அப்புறம் ழ, அதற்கும் அப்புறம்தான் வ என்று ஆகிவிட்டது. ன-வைத் தூக்கி ந-வின் மடியில் உட்கார வைத்தார்கள்.

அதையும் விட்டுவிடலாம். பேர் வைத்தார்கள் பாருங்கள். யூனிகோடில் ஒவ்வொரு எழுத்துக்கும் இங்கிலீஷில் அதிகாரபூர்வமான பெயர் உண்டு. ல என்றால் ஒரு எல். ள என்றால் ரெண்டு எல். நம்முடைய சிறப்பு ழகரம், எந்த மேடையில் ஏறினாலும் நாக்கை மடித்துப் பெருமைப்படுகிற அந்த ழகரம், மூணு எல். எல்-எல்-எல்-ஏ. அதே கணக்கில் ந ஒரு என், ண ரெண்டு என், ன மூணு என். ஆய்தத்துக்குப் பேர் 'தமிழ் விசர்க்கக் குறி'. தொல்காப்பியர் கேட்டால் மூன்று புள்ளியும் கண்ணீராக ஓடும். புள்ளிக்குப் பேர் 'விராமம்'.

சரி, தப்பைத் திருத்தச் சொல்லலாமே என்றால், முடியாது. வைத்த பேரை மாற்றக் கூடாது என்பது அவர்கள் சட்டம். நமக்கென்று தனியாக ஓரவஞ்சனை எதுவும் இல்லை. அடைப்புக்குறி ஒன்றுக்குப் பேர் எழுதும்போது 'பிராக்கெட்' என்ற சொல்லில் சி-யும் கே-யும் இடம் மாறி அச்சாகிவிட்டது. இங்கிலீஷ்காரன் சொந்த பாஷையில் செய்த எழுத்துப்பிழை. அதையே இன்றுவரை திருத்தவில்லை. பக்கத்தில் 'இது பிழை, சரியான பேர் இது' என்று ஒரு குறிப்புப் போட்டதோடு சரி. ஆய்தத்துக்கும் பக்கத்தில் 'ஆய்தம்' என்று குறிப்பு உண்டு. ரேஷன் கார்டில் தப்பாக விழுந்த பேருக்குக் கீழே பென்சிலில் எழுதின மாதிரி.

இந்தப் பிடிவாதம் அவர்களுக்குச் சும்மா வரவில்லை. வந்த கதையில்தான் நம் வயிற்றெரிச்சலின் மூலம் இருக்கிறது.

கொரியாக்காரர்களுக்கும் நம்மைப் போலத்தான். அடிப்படை எழுத்துகள் கொஞ்சம். சேர்த்துக் கட்டினால் ஆயிரக்கணக்கில் அசைகள். அவர்கள் ஜெனீவாவில் இருக்கிற, யூனிகோடோடு ஒரே பட்டியலைப் பகிர்ந்துகொள்ளும் உலகத் தர அமைப்பான ஐஎஸ்ஓவில் தேசியத் தர அமைப்பாக உட்கார்ந்து, ஓட்டை வைத்துக்கொண்டு, 'எங்கள் அசை ஒவ்வொன்றும் தனி எழுத்து, அத்தனைக்கும் கட்டம் வேண்டும்' என்றார்கள். 1996-ல் வந்த இரண்டாம் பதிப்பில் வாங்கியும் விட்டார்கள். எத்தனை? 11,172. அதற்காக ஏற்கெனவே பட்டியலில் இருந்த கொரிய எழுத்துகளை மூட்டை முடிச்சோடு வேறு இடத்துக்குக் குடி பெயர்த்தார்கள். பழைய இடத்தை நம்பி எழுதியதெல்லாம் குப்பையானது. அந்த ரகளையில் கமிட்டிக்கே புத்தி வந்து, 'இனி ஒரு எழுத்தை ஓரிடத்தில் வைத்தால் வைத்ததுதான். நகர்த்தவும் மாட்டோம், எடுக்கவும் மாட்டோம்' என்று நோட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள். கொரியா ஏறினது கடைசி பஸ். கதவு மூடினது நம் மூக்குக்கு நேராக.

அதற்காக நாம் சும்மா இருந்தோம் என்று யாரும் சொல்லிவிட முடியாது. 1995 ஜனவரியில் தஞ்சாவூரில் எட்டாவது உலகத் தமிழ் மாநாடு நடத்தினோம். வளைவுகள் வைத்தோம். கட்அவுட் வைத்தோம். தமிழைத் தாய் என்றோம், தெய்வம் என்றோம், மூச்சு என்றோம். தாயின் விலாசம் கலிஃபோர்னியாவில் தப்பாகப் பதிவாகியிருந்தது மட்டும் மேடைக்குத் தெரியாது.

வீட்டில் விஷயம் வேறு மாதிரி கழிந்தது. தொண்ணூறுகளின் கடைசியில் என் அக்கா கல்யாணத்துக்குப் பத்திரிகை அடிக்க வேண்டும். தெருமுனை டிடிபி சென்டரில் உட்கார்ந்து, பெரியப்பா சொல்லச் சொல்ல, அழகாகத் தமிழில் அடித்து ஃபிளாப்பியில் போட்டுக்கொடுத்தார்கள். அதை எடுத்துக்கொண்டு சைக்கிளில் வேறொரு பேட்டை பிரஸ்ஸுக்குப் போனேன். அங்கே கம்ப்யூட்டரில் திறந்தால் மணமகன் பேர் இருந்த இடத்தில் ரெண்டு பாம்பு, ஒரு டாலர், ஒரு பவுண்டு. தாய்மாமன் முழுக்கவே கேள்விக்குறி. பிரஸ்காரர் நிதானமாகச் சொன்னார்: 'தம்பி, உங்க தமிழ் வேற, எங்க தமிழ் வேற.'

ஒவ்வொரு எழுத்துரு செய்தவரும் ஒரு தனி நாடு. மயிலை ஒரு நாடு, முரசு அஞ்சல் ஒரு நாடு, இலங்கையிலும் புலம்பெயர்ந்தவர்களிடமும் பாமினி ஒரு பேரரசு. ஒரு நாட்டு நாணயம் இன்னொரு நாட்டில் செல்லாது. இந்தச் சமஸ்தானங்களை ஒன்றாக்க யாராவது படேல் வேண்டுமே என்று பார்த்தால், பல பேர் கிளம்பினார்கள், எல்லாரும் வெளியூரில் இருந்து. சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமி 1997-ல் தமிழ்நெட் 97 என்று முதல் மாநாட்டைக் கூட்டினார். மலேசியாவில் முத்து நெடுமாறன். சுவிட்சர்லாந்தில் கல்யாணசுந்தரம், ரசாயன ஆராய்ச்சி பார்த்துக்கொண்டே மதுரைத் திட்டத்தில் பழைய நூல்களை மின்பதிப்பாக ஏற்றியவர். இவர்கள் வட்டாரத்தில் திஸ்கி என்று ஒரு பொதுக் குறியீடு உருவானது. பல கண்டத்து ஆட்கள் ராத்திரித் தூக்கத்தை விட்டு, ஒருவரை ஒருவர் திட்டி, மன்னிப்புக் கேட்டு, மறுபடி திட்டி உருவாக்கியது.

1999 பிப்ரவரியில் சென்னையில் தமிழ்நெட் 99. அரசாங்கமே நடத்தியது. இந்த நாடுகளையெல்லாம் ஒரே கொடியின் கீழ் கொண்டுவருவது என்று கூடினார்கள். ஒரே தரம் வேண்டும் என்று கூடியவர்கள், கலைந்தபோது இரண்டு தரம் இருந்தது: தமிழ் மட்டும் அடிக்க டாம், தமிழும் இங்கிலீஷும் சேர்த்து அடிக்க டாப். திஸ்கிக்காரர்கள் திஸ்கியை விடவில்லை. ஆக மூன்று. கிண்டலுக்காகச் சொன்னாலும், அந்த மாநாட்டில் உருப்படியாக ஒன்று நடந்தது. உயிர் இடது கைக்கு, மெய் வலது கைக்கு என்று பிரித்த தமிழ்99 விசைப்பலகை. பழகினவர்கள் அதில் பறப்பார்கள். மற்றவர்கள் இன்றைக்கும் 'அம்மா'வை இங்கிலீஷ் எழுத்தில் அடித்துவிட்டுத் தமிழ் தானாக வருகிறதா என்று பார்க்கிறார்கள்.

2000-ல் உத்தமம் வந்தது: உலகத் தமிழ்த் தகவல் தொழில்நுட்ப மன்றம். அங்கிருந்துதான் நம் ஆட்கள் கமிட்டி வித்தையைக் கற்றுக்கொள்ள ஆரம்பித்தார்கள். அந்த வித்தை என்ன? யூனிகோடின் தொழில்நுட்பக் குழு வருஷத்துக்கு நாலு தடவை கூடும். அங்கே தமிழின் தொன்மையைப் பற்றிப் பேசினால் மரியாதையாகத் தலையாட்டுவார்கள். அதில் நோட்டுக்குப் போவது ஒன்றும் இல்லை. ஒரு தாள் வேண்டும். தாளுக்கு ஒரு எண் விழ வேண்டும். எண் விழாத தாள் பிறக்காத குழந்தை. ஐஎஸ்ஓ பக்கத்தில் போனால் ஒரு படிவம் இருக்கிறது. இதை முன்பே யாராவது கேட்டிருக்கிறார்களா? இந்த எழுத்தை உபயோகிக்கிற மக்களிடம் பேசினீர்களா? எங்கே அச்சாகியிருக்கிறது, சான்று இருக்கிறதா? ஏற்கெனவே இருக்கிற எழுத்தை வைத்து இதை எழுத முடியாதா? கடைசிக் கேள்விதான் கழுத்தில் கத்தி. அதற்குப் பதில் சொல்லத் தெரியாமல் 'ஏழு கோடித் தமிழர்களின் உணர்வு' என்று எழுதினால், உணர்வுக்குக் கட்டம் கிடையாது.

படிவத்தை ஒழுங்காகப் பூர்த்தி செய்ய ஆரம்பித்ததும் விஷயங்கள் நகர்ந்தன. 2003-ல் நாள், மாதம், வருடம், பற்று, வரவு என்று எட்டுக் குறிகள் ஏறின. 2005-ல் பூஜ்யம் வந்தது. ஆமாம், 1991-லிருந்து தமிழுக்கு ஒன்று முதல் ஒன்பதுவரை உண்டு, பத்து, நூறு, ஆயிரத்துக்குத் தனிக் குறி உண்டு, சுழியம் இல்லை. பதினாலு வருஷம் பூஜ்யமில்லாமல் இருந்த ஒரே காரணத்துக்காகவாவது நம்மை யாரும் 'ஜீரோ' என்று திட்டியிருக்க முடியாது. பழைய தமிழ்க் கணக்கில் பத்துக்கும் நூறுக்கும் தனிக் குறி இருப்பதால் சுழியம் தேவைப்படவில்லை என்பது இதற்கான கௌரவமான விளக்கம்.

அதே 2005-ல் ஶ வந்தது. அதோடு ஒரு புது வம்பும் வந்தது. அதுவரை ஸ்ரீ என்பதை ஸ, புள்ளி, ர, ஈகாரக் குறி என்று சேர்த்தார்கள். சரியான தாய் எழுத்து ஶ தான் என்று அதையும் ஏற்றியதும், அந்த வழியிலும் ஶ்ரீ வந்தது. இரண்டும் திரையில் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி ஒரே ஜாடை. கம்ப்யூட்டருக்கு மட்டும் வேறு வேறு. ஒரு அலுவலகத்தில் என் சித்தி மகள் ஸ்ரீதேவியைப் பட்டியலில் தேடி, 'அப்படி யாரும் இல்லைங்க' என்று சொல்லி அனுப்பினார்கள். பட்டியலில் அவள் பேர் எங்கள் கண் முன்னாலேயே, விரல் வைத்துக் காட்டும் தூரத்தில் இருந்தது.

இத்தனைக்கும் நடுவில் பெரிய ஆசை ஒன்று மனசுக்குள் கனன்றுகொண்டே இருந்தது. கொரியாவுக்கு 11,172 கொடுத்தவன் நமக்கு 247 கொடுக்கக் கூடாதா? ஒவ்வொரு உயிர்மெய்க்கும் ஒரு தனிக் கட்டம். அப்போது 'கெ' அடித்தால் கொம்பு பின்னால் சேமிக்கப்பட்டு முன்னால் தோன்றுகிற கண்கட்டு வித்தை வேண்டாம். க் என்பது ஒன்று, க என்பது இன்னொன்று. க-வோடு புள்ளி சேர்த்தால்தான் க் என்கிற தலைகீழ் இலக்கணமும் வேண்டாம். இதற்காகச் செய்த திட்டத்துக்குப் பேர் டேஸ்16. விஷயம் தெரிந்தவர்கள் செய்தது, நியாயமும் இருந்தது. ஆனால் போன நேரம் கதவு மூடின நேரம். ஏற்கெனவே பழைய முறையில் லட்சக்கணக்கான பக்கம் எழுதியாகிவிட்டது, அதே எழுத்துக்கு இரண்டாவது வீடு கட்ட முடியாது என்று சொல்லிவிட்டார்கள். கடைசியில் டேஸ்16 குடியேறியது 'தனிப் பயன்பாட்டுப் பகுதி'யில். சேலம் பாஷையில் சொன்னால் புறம்போக்கு. யார் வேண்டுமானாலும் கொட்டகை போட்டுக்கொள்ளலாம், பட்டா கிடையாது. பக்கத்துக் கொட்டகைக்காரன் அதே இடத்தில் மாடு கட்டினாலும் கேட்க முடியாது.

2010 வந்தது. எங்கள் மாரியம்மன் பண்டிகை மாதிரி, ஒரே வருஷத்தில் மூன்று வண்டி வேடிக்கை.

ஜூன் 23-ல் கோவையில் செம்மொழி மாநாடு தொடங்கிய நாளில் தமிழக அரசு ஆணை வந்தது. இனி யூனிகோடுதான் தரம், அது ஓடாத இடத்தில் டேஸ்16. டாமும் டாபும் ஓய்வூதியம் வாங்கிக்கொண்டு போயின.

ஜூலை 15-ல் மத்திய அமைச்சரவை ரூபாய்க்கு ஒரு குறியைத் தேர்ந்தெடுத்தது. வரைந்தவர் நம் தமிழ்நாட்டு உதயகுமார். இந்த ஒரு விஷயத்தில் டெல்லி என்னவோ பெரியப்பாவிடம் டியூஷன் படித்த மாதிரி நடந்துகொண்டது. உடனே தாள் போட்டார்கள், எண் வாங்கினார்கள், அக்டோபரில் வந்த ஆறாம் பதிப்பிலேயே ரூபாய் ஏறி உட்கார்ந்துவிட்டது. மூன்றே மாதம். நமக்குப் பூஜ்யம் வாங்கப் பதினாலு வருஷம். இதே ஆறாம் பதிப்பில்தான் சிரிக்கும் மூஞ்சி, அழும் மூஞ்சி எல்லாம் கூட்டமாக வந்து சேர்ந்தன. கண் வைத்துச் சிரிக்கிற ஒரு மலக்குவியலுக்கும் தனிக் கட்டம் கொடுத்தார்கள். க் என்ற எழுத்துக்குக் கிடைக்காத தனிக் கட்டம். இதை நான் ராத்திரி நினைத்தால் தூக்கம் வராது, ஆனால் காலையில் அதையே பேரனுக்கு அனுப்புவேன்.

மூன்றாவது வேடிக்கை கிரந்தம். சமஸ்கிருதம் எழுதத் தெற்கே உபயோகித்த கிரந்த எழுத்துக்கு ஒரு பட்டியல் போட வேண்டும் என்று முன்மொழிவுகள் போயிருந்தன. அதில் ஒன்றில் எ, ஒ, ழ, ற, ன ஐந்துக்கும் கிரந்தப் பட்டியலில் ஜோடி எழுத்து வேண்டும் என்று இருந்தது. சேதி தமிழ்நாட்டுக்கு வந்து சேர்ந்தபோது அது 'ழ-வைக் கடத்திவிட்டார்கள்' என்று ஆகியிருந்தது. மூணு எல்லோடு பத்தொன்பது வருஷமாக அது கலிஃபோர்னியாவில்தான் இருக்கிறது என்று சொல்ல அந்த நேரத்தில் யாருக்கும் தைரியம் இல்லை. அறிக்கைகள் பறந்தன, கூட்டங்கள் நடந்தன. முதலமைச்சர் கருணாநிதி மத்திய அரசுக்குக் கடிதம் எழுதி, தமிழறிஞர்களைக் கேட்காமல் முடிவெடுக்கக் கூடாது என்றார். விஷயம் தள்ளிப்போனது. 2014-ல் ஏழாம் பதிப்பில் கிரந்தம் வந்தபோது அந்த ஐந்தும் அதில் இல்லை. பயம் எவ்வளவு நிஜம், எவ்வளவு நிழல் என்று இன்றைக்கும் சண்டை போடலாம். எனக்குத் தோன்றுவது ஒன்று: அன்றைக்குப் பந்தலில் கேட்ட கைதட்டல் எதுவும் அந்தக் குழுவின் காதுக்குப் போகவில்லை. போனது தாளாகப் போன ஆட்சேபணை. ஊரே கூடி ஒரு தடவையாவது நோட்டுக்குள் எட்டிப் பார்த்தது அந்த வருஷம்தான்.

இந்த ஆரவாரத்துக்கு முன்பே சத்தமில்லாமல் ஒரு பாவு ஓடி முடிந்திருந்தது. சேலத்தில் சௌராஷ்டிரர்கள் உண்டு. தறிக்காரர்கள், எங்கள் தொழில்காரர்கள். வீட்டில் பேசுவது ஒரு பாஷை, கடை போர்டில் தமிழ். அவர்களுக்கென்று ஒரு எழுத்து இருந்தது, பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் மதுரை இராமராய் அதை அச்சுக்குக் கொண்டுவந்தார் என்பதே தெருவில் பாதிப் பேருக்குத் தெரியாது. 2008 ஏப்ரலில் யூனிகோடு 5.1 வந்தபோது அந்த எழுத்துக்குச் சொந்தமாக ஒரு பட்டியல் கிடைத்திருந்தது. கொடி இல்லை, கண்டனப் பொதுக்கூட்டம் இல்லை. முன்மொழிவில் சான்று சரியாக இருந்தது, முடிந்தது. இதை நான் பக்கத்துத் தறி நண்பரிடம் சொன்னபோது, 'அப்படியா, சந்தோஷம். நூல் விலை என்னாச்சுன்னு பார்த்தியா?' என்றார்.

இதற்கப்புறம் 2019 மார்ச். பன்னிரண்டாம் பதிப்பில் தமிழுக்கு இன்னொரு பட்டியல் ஏறியது. 51 குறிகள். இதற்கும் ஊர்வலம் எதுவும் போகவில்லை. பழைய அச்சுப் புத்தகங்கள், சுவடிகள், கணக்கு நோட்டுகளிலிருந்து ஒவ்வொரு குறிக்கும் படம் எடுத்து ஒட்டி, வருஷக்கணக்காக ஆட்சேபணைக்குப் பதில் எழுதி வாங்கியது. அந்தப் பட்டியலைப் பார்த்தால் எங்கள் தாத்தாவின் கணக்குப் பெட்டியை யாரோ திறந்து கவிழ்த்த மாதிரி இருக்கிறது. கால், அரை, முக்கால், வீசம், மா, காணி, அதற்கும் கீழே முந்திரி, அதாவது 320-ல் ஒரு பங்கு. நாம் பின்னத்தை அந்த மட்டுக்கு நறுக்கினவர்கள். பங்காளிச் சொத்து பிரித்துப் பழகிய கை. அப்புறம் செவிடு, ஆழாக்கு, உழக்கு, குறுணி, பதக்கு. காசு, பணம், பொன், வராகன். நஞ்சைக்கு ஒரு குறி, புஞ்சைக்கு ஒரு குறி. 'மொத்தம்' என்பதற்கு ஒரு குறி, 'செலவானது' என்பதற்கு ஒன்று. 'வகையறா' என்பதற்குக்கூட ஒன்று. பண்டிகை நோட்டில் 'பந்தல், மேளம், வாணம் வகையறா' என்று பெரியப்பா எழுதிய வகையறாவுக்குள் எத்தனை விஷயம் அடங்கியிருந்தது என்பது அவருக்கும் அம்மனுக்கும் மட்டுமே தெரியும்.

பெரியப்பா இப்போது இல்லை. நோட்டுகள் என்னிடம் இருக்கின்றன. போன ஆடியில் அவற்றைக் கம்ப்யூட்டரில் ஏற்றலாம் என்று உட்கார்ந்தேன். அவருடைய குறிகள் ஒவ்வொன்றையும் அந்த 51-ல் தேடித் தேடி அடித்தேன். திரையில் வரிசையாகச் சதுரக் கட்டங்கள். எழுத்துக்கு எண் கிடைத்துவிட்டது. அந்த எண்ணைப் பார்த்து உருவம் காட்டுகிற எழுத்துரு என் மெஷினில் இல்லை. பந்தல் கட்டம், மேளம் கட்டம், மொத்தம் கட்டம்.

அந்தப் பட்டியலின் கடைசிக் கட்டத்தில், அதற்கு மேல் இடமே இல்லாத மூலையில், ஒரு குறி உட்கார்ந்திருக்கிறது. சுவடி முடிந்தது, இதற்கு மேல் ஒன்றும் எழுதவில்லை என்று காட்டப் பழைய ஆட்கள் போட்டது. பெரியப்பாவும் கூட்டம் முடிந்ததும் கடைசிக் கையெழுத்துக்குக் கீழே ஒரு சுழி இழுப்பார், இடையில் யாரும் எதையும் நுழைத்துவிடக் கூடாது என்று. முறைப்படி அதையே இங்கேயும் போட்டு முடிக்கிறேன். உங்களுக்கும் கட்டமாகத் தெரிந்தால் பிரஸ்காரர் மேல் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

𑿿